சுமை இறங்கும் வழி: பெரியாறு அணையை முன்வைத்து அணைக்கரை அடிமானத்தின் வரலாறு

முன்னுரை

நீர்நிலைகளின் வரலாறு தமிழாய்வில் பெரும்பாலும் அவற்றைக் கட்டுவித்தவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. கல்லணை என்றவுடன் கரிகாலனும், பெரியாறு அணை என்றவுடன் ஜான் பென்னிகுயிக்கும் நினைவுகூரப்படுகின்றனர். அண்மைக் காலத்தில் பெரியாறு அணை குறித்த எழுத்துகள் இரு மாநில வழக்கின் வரலாறாக மாறியுள்ளன. கட்டுவித்தவர் பெயரும் வழக்கின் தீர்ப்பும் கரையின் மேல்முகத்தில் காணப்படும் செய்திகள். கரை எதன்மீது நிற்கிறது, அதன் சுமை எவ்வழியாக நிலத்துள் இறங்குகிறது என்னும் வினா கரையின் அடிமுகத்தைச் சார்ந்தது. இவ்வினாவுக்குக் காலந்தோறும் கூறப்பட்ட விடைகளைத் தொகுத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆய்வுக் களமாக வாளையாற்றுக் கணவாய் முதல் குமுளி மலைப்பாதை வரையிலான கேரள எல்லைப் பகுதி கொள்ளப்படுகிறது. இதன் வடமுனையில் பாலக்காடு மாவட்டத்தின் மலம்புழை அணையும், தென்முனையில் இடுக்கி மாவட்டத்தின் பெரியாறு அணையும் அமைந்துள்ளன. முன்னது மண்ணும் கல்லும் இணைந்தது. பின்னது முழுவதும் கல்லும் சுண்ணாம்பும் ஆனது. ஒப்பீட்டின் பொருட்டுக் காவிரிக் கல்லணையும் எடுத்துக்கொள்ளப்படுகிறது.

கரையும் அடிநிலமும்: இலக்கிய, கல்வெட்டுச் சான்றுகள்

பாரியின் மறைவுக்குப் பின் பறம்பு நாட்டுக் குளம் ஒன்றைக் கபிலர் பாடியுள்ளார் (புறநானூறு 118). பாறைகளையும் சிறு குன்றுகளையும் இணைத்துக் கட்டப்பட்ட அக்குளத்தின் வளைந்த கரைக்கு எட்டாம் நாள் பிறை உவமையாகிறது. வடிவழகு கருதிய உவமையாக மட்டும் இதனைக் கொள்வதற்கில்லை. கரையின் இரு முனைகளும் பாறையில் சென்று பொருந்துகின்றன என்பதும், இடைப்பட்ட மண்கரை வளைந்து செல்கிறது என்பதும் இதனால் புலப்படுகின்றன. இடத்தேர்வில் பாறையின் பங்கு அறியப்பட்டிருந்தமைக்கு இதனைச் சான்றாகக் கொள்ளலாம். காப்பாரில்லாத நிலையில் அக்குளம் உடைந்தழியுமோ என்ற இரக்கமே அப்பாடலின் உட்பொருள். கரை என்பது ஒருமுறை கட்டி முடிக்கப்படுவதன்று; தொடர்ந்து பேணப்படுவது என்னும் உணர்வு அதில் உள்ளது.

இவ்வுணர்வு பிற்காலத்தில் நிருவாக ஏற்பாடாக வளர்ச்சி பெற்றதைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஏரி வாரியத்தைக் குறிப்பிடுகின்றன. ஏரியில் தூர்ந்த மண்ணை ஆண்டுதோறும் தோண்டிக் கரையில் இடுவதற்கும், அதற்குரிய ஓடங்களுக்கும் ஆட்களுக்கும் நிவந்தங்கள் அளிக்கப்பட்டமையைச் சோழர் காலக் கல்வெட்டுகள் பல தெரிவிக்கின்றன. இதன் பொறியியல் விளைவு கருதத்தக்கது. ஈர மண்ணின்மீது ஒரே காலத்தில் பெருஞ்சுமை ஏற்றப்பட்டால், மண்ணிடையேயுள்ள நீர் வெளியேற வழியின்றி நிலம் நெகிழ்ந்து கரை சரியும். ஆண்டுதோறும் சிறிது சிறிதாகச் சுமை ஏற்றப்பட்டால், நீர் மெல்லக் கசிந்து வெளியேற, அடிநிலம் இறுகிக்கொண்டே வரும். ஏரிக்கரைகள் தலைமுறைகள் பல கடந்து நின்றமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம். வைகைக் கரையை அடைக்கக் குடிகளுக்குப் பங்கு அளந்துவிடப்பட்ட செய்தி, மண் சுமந்த திருவிளையாடலின் பின்னணியாக அமைந்திருப்பதும் இங்கு நினைக்கத்தக்கது. கரை காத்தல் குடிகளின் பொதுக்கடமை என்னும் நடப்பியல் அக்கதைக்கு அடித்தளமாக உள்ளது.

மணலில் இறங்கிய கல்

ஏரிக்கரைக்குப் பாறையோ இறுகிய மண்ணோ கிடைத்தது. காவிரியின் குறுக்கே கட்ட முற்பட்டவர்களுக்கு அது கிடைக்கவில்லை. அங்கு எவ்வளவு தோண்டினும் மணலே உள்ளது. கல்லணையைக் கரிகாலன் கட்டுவித்தான் என்பது மரபுவழிச் செய்தி. காவிரிக்குக் கரை கண்டவன் என்று அவனைப் புண்ணியகுமாரனின் மாலேப்பாடுச் செப்பேடும் முதலாம் இராசேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேடும் குறிக்கின்றன. இவை கரையைக் கூறுகின்றனவே அன்றிக் கல்லணையின் கட்டுமான முறையைக் கூறுவதில்லை. அம்முறையை அறிவதற்கு அணையே சான்றாக உள்ளது.

பிரித்தானியப் பொறியாளர்களின் பதிவுகளின்படி, பழைய கல்லணை ஏறத்தாழ 1080 அடி நீளமும், 40 முதல் 60 அடி அகலமும், 15 முதல் 18 அடி உயரமும் கொண்டு வளைந்து செல்லும் கற்குவியலாகும். பெருங்கற்கள் ஆற்று மணலில் இடப்பட்டன. நீரோட்டம் கல்லின் அடியிலுள்ள மணலை அரிக்க, கல் தன் எடையால் உள்ளே இறங்கியது. அதன்மேல் மீண்டும் கற்கள் இடப்பட்டன. அடுக்கு மேலும் இறங்காத நிலை வரும்வரை இது தொடர்ந்திருக்க வேண்டும். ஆழம் செல்லச் செல்ல மணலின் நெருக்கமும் பக்க உராய்வும் மிகுதலால், ஒரு கட்டத்தில் கல்லின் எடையும் மணலின் எதிர்ப்பும் சமன்பட்டு இறக்கம் நின்றுவிடுகிறது. இங்கு அடிமானத்தின் ஆழத்தை முன்கூட்டிக் கணக்கிட்டவர் எவருமிலர். சுமையே தனக்குரிய ஆழத்தைத் தேடிக்கொண்டது எனலாம்.

அளவிட இயலாத ஆழமுள்ள மணலில் அடிமானம் இடும் முறையைத் தம் நாட்டுப் பொறியாளர்கள் இந்நாட்டவரிடமிருந்தே கற்றனர் என்று ஆர்தர் காட்டன் வெளிப்படையாக ஏற்றுக்கொண்டுள்ளார். 1836இல் தொடங்கிய கொள்ளிட மேலணைப் பணியிலும், 1847 முதல் 1852 வரை நடைபெற்ற கோதாவரித் தவளேசுவரம் அணைப் பணியிலும் மணலின்மேல் கட்டும் துணிவு அவருக்கு இதனால் கிடைத்தது. மணலடிமானம் இடையறாத கண்காணிப்பை வேண்டுவது என்பதற்கும் அதே ஆறு சான்று தருகிறது. 2018 ஆகசுடு மாத வெள்ளத்தில் முக்கொம்பில் கொள்ளிட மேலணையின் ஒன்பது மதகுகள் சரிந்து வீழ்ந்தன.

பாறையின்மேல் எடை: பெரியாறு 1887–1895

மேற்கே பாயும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பும் எண்ணம் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இராமநாதபுரம் சேதுபதியின் அமைச்சர் முத்திருளப்ப பிள்ளையிடம் தோன்றியது. 1808இல் இதனை ஆராய்ந்த ஜேம்ஸ் கால்டுவெல் என்னும் பொறியாளர் (மொழியறிஞர் இராபர்ட் கால்டுவெல்லின் வேறானவர்) இது நடைமுறைக்கு ஒவ்வாதது என்று அறிக்கை அளித்தார். பின்னர் எழுந்த முன்மொழிவுகள் மண் அணையையே கருதின. 1876 முதல் 1878 வரை நிலவிய பெரும்பஞ்சம் திட்டத்தின் தேவையை வலியுறுத்தியது. 1882இல் திட்டத்தைத் திருத்தியமைக்கும் பணி பென்னிகுயிக்கிடம் ஒப்படைக்கப்பட்டது. மண்ணை விடுத்துக் கல்லும் சுண்ணாம்பும் கொண்ட எடையணையை அவர் வகுத்தார். 1886 அக்டோபர் 29ஆம் நாள் திருவிதாங்கூர் அரசுக்கும் இந்தியாவுக்கான பிரித்தானிய அரசுச் செயலருக்கும் இடையே 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தானது. 1887இல் பணி தொடங்கி, 1895 அக்டோபரில் ஆளுநர் வென்லாக் பிரபுவால் அணை திறக்கப்பட்டது.

எடையணை என்பதன் இயல்பை விளக்குதல் இன்றியமையாதது. நீர் அணையைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. அணையின் எடை கீழ்நோக்கி அழுத்துகிறது. இவ்விரு விசைகளும் கூடிய தொகுவிசை சாய்ந்த கோடாக அடிப்பாறையைச் சென்று சேர்கிறது. அணை அகலாமலும் கவிழாமலும் நிற்பதற்கு அக்கோடு அடித்தளத்தின் நடு மூன்றிலொரு பங்குக்குள் விழவேண்டும் என்பது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலைபெற்ற விதி. பிரான்சில் சாசில்லி 1853இல் தொடங்கிவைத்த கணக்கை 1872இல் இரேங்கின் இவ்விதியாகச் செம்மைப்படுத்தினார். கோடு அப்பங்கைக் கடந்து வெளிமுகத்தை நோக்கிச் சென்றால், நீரை ஏந்தும் உள்முகத்தின் அடியில் இழுவிசை தோன்றும். சுண்ணாம்புக் கட்டுமானம் அழுத்தத்தைத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. பெரியாறு அணையின் குறுக்குவெட்டு, மேலே 12 அடியும் அடியில் 138 அடியும் அகலம் பெற்று, 176 அடி உயரத்தில் ஏறத்தாழ முக்கோணமாக அமைந்திருப்பதற்கு இதுவே காரணம். அதன் நீளம் 1200 அடி.

அணையின் இரு முகங்களும் கருங்கல் கட்டடம். நடுப்பகுதி சுண்ணாம்பு, சுர்க்கி, மணல், சல்லி ஆகியவை கலந்த காரை. சுர்க்கி என்பது சுட்ட செங்கல்லின் பொடி. செந்நிறத்தைக் குறிக்கும் பாரசீகச் சொல்வழி வந்தது. செங்கற்பொடி சுண்ணாம்புடன் வினைபுரிந்து நீரிலும் இறுகும் தன்மையைக் காரைக்கு அளிக்கிறது. இவ்வினை மெல்ல நிகழ்வது. எனவே அணை திறக்கப்பட்ட நாளில் அதன் காரை முழு வலிமையை எய்தியிருக்கவில்லை. ஆண்டுகள் செல்லச் செல்லவே இறுகியது.

இப்பணியின் பெருஞ்சோதனை உயரத்தில் அன்று, அடிமானத்திலேயே இருந்தது. ஆற்றைத் திசைதிருப்பிப் பாறையை வெளிப்படுத்தித் துப்புரவாக்கிய பின்னரே முதல் அடுக்கை இடமுடியும். மழைக்காலந்தோறும் வெள்ளம் வந்து தற்காலிகத் தடுப்புகளை அடித்துச் சென்றது. ஆண்டில் சில மாதங்களே வேலைக்கு வாய்த்தன. மலைக்காய்ச்சலும் வாந்திபேதியும் தொழிலாளர்களை வருத்தின. சமவெளியிலிருந்து மலையேறிய தொழிலாளர்களும் சென்னைப் படையின் பயனியர் பிரிவினரும் இவ்வடிமானத்தை இட்டனர். நூற்றுக்கணக்கானோர் நோயால் மாண்டனர். அணைக்கருகே கல்லறைகள் இன்றும் உள்ளன. திட்டப் பொறியாளர்களுள் ஒருவரான மெக்கன்சி 1899இல் வெளியிட்ட பெரியாறு திட்ட வரலாறு இப்பணியின் முதன்மை ஆவணமாகும். தேனி மாவட்ட உழவர்கள் சனவரி 15ஆம் நாள் பென்னிகுயிக் பிறந்தநாளைப் பொங்கலிட்டுக் கொண்டாடுகின்றனர். அடிமானம் இட்டவர்களின் பெயர்களோ பொதுநினைவில் இடம்பெறவில்லை.

1895: கணக்கில் நேர்ந்த திருப்பம்

பெரியாறு அணை திறக்கப்பட்ட 1895ஆம் ஆண்டு, சுமை குறித்த சிந்தனையில் வேறு இரு நிகழ்வுகளாலும் குறிப்பிடத்தக்கதாகிறது.

முதலாவது, அவ்வாண்டு ஏப்பிரல் 27ஆம் நாள் பிரான்சில் பூசே அணை உடைந்து எண்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தமை. அதுவும் எடையணையே. அதன் வீழ்ச்சியை ஆராய்ந்தபோது, அதுவரை கணக்கில் போதிய இடம்பெறாத ஒரு விசை முதன்மை பெற்றது. தேக்கப்பட்ட நீர் அணையின் உடலிலும் அடியிலும் உள்ள நுண்வெடிப்புகளுள் புகுந்து மேல்நோக்கி அழுத்துகிறது. இம்மேலுந்து விசை அணையின் எடையில் ஒரு பகுதியை இல்லாததாக்கிவிடுகிறது. வெயில்ஸ் நாட்டு வைர்ன்வி அணையில் 1880களிலேயே இதற்கென வடிகால்கள் அமைக்கப்பட்டன எனினும், பூசே வீழ்ச்சிக்குப் பின் மாரிஸ் லெவி இதனை முறையாக வலியுறுத்திய பிறகே பொறியாளர்களிடையே இது பொதுக்கருத்தாயிற்று. பெரியாறு அணை வகுக்கப்பட்டது அதற்கு முன்னர். பின்னாளில் எழுந்த ஐயங்களுள் பல இந்தக் கால இடைவெளியில் வேர்கொண்டவை. இதனைப் பென்னிகுயிக்கின் குறையாகக் கருதுவது பொருந்தாது. அவர் காலத்துக் கணக்கின் எல்லை அது.

இரண்டாவது, செருமானியப் பொறியாளர் யான்சென் தானியக் களஞ்சியங்களின் அழுத்தம் பற்றி அதே ஆண்டில் வெளியிட்ட கட்டுரை. தமிழ்நாட்டு வீடுகளில் இருந்த நெற்குதிரைக் கொண்டு இதனை விளக்கலாம். குதிரில் நெல்லைக் கொட்டக் கொட்ட அடித்தளத்தின் அழுத்தம் அதே அளவில் உயர்ந்துகொண்டே செல்வதில்லை. ஓர் உயரத்துக்குப் பின் நெல்லின் எடையில் பெரும்பகுதியைக் குதிரின் சுவர், உராய்வின் வாயிலாகத் தாங்கிக்கொள்கிறது. மணிகளுக்கிடையே கண்ணுக்குத் தெரியாத வளைவுகள் உண்டாகிச் சுமையைப் பக்கவாட்டில் கடத்துகின்றன. 1936இல் தெர்சாகி, மணற்பெட்டியின் அடியில் ஒரு சிறு கதவைக் கீழிறக்கி இதே நிகழ்வை மண்ணில் அளந்து காட்டினார். கதவு சிறிதளவு இறங்கியவுடன் அதன்மேலிருந்த சுமையின் பெரும்பகுதி அசையாத பக்கங்களுக்கு மாறிவிட்டது.

நெகிழ்ந்த நிலத்தில் கரை எழுப்ப இன்று கையாளப்படும் நிலத்தூண் முறைக்கு இக்கருத்தே அடிப்படை. சேற்று நிலத்தில் குறிப்பிட்ட இடைவெளிகளில் துளையிட்டுக் கருங்கல் சல்லியோ சுண்ணாம்போ சிமெண்டோ கொண்டு தூண்கள் அமைக்கப்படுகின்றன. அவற்றின்மேல் கரை எழும்போது, தூண்களுக்கிடையே உள்ள மென்மண் சற்றுத் தாழ்கிறது, தூண் தாழ்வதில்லை. உடனே கரையின் மண்ணுக்குள் வளைவுகள் தோன்றி, சுமை தூண்களின் தலைக்கு நகர்கிறது. தூண் அதனை ஆழத்திலுள்ள வலிய நிலத்துக்குக் கொண்டுசெல்கிறது. இறுகிய பொருளையே சுமை நாடும் என்பது இதன் சாரம். மணலில் இறங்கிய கல்லணைக் கல்லுக்கும் இத்தூணுக்கும் நோக்கம் ஒன்றே. ஒன்று பட்டறிவால் கண்டது, மற்றொன்று கணக்கால் கண்டது.

மண்ணும் கல்லும் அருகருகே நிற்கும் கட்டுமானங்களிலும் இவ்வியல்பு கருதப்பட வேண்டியதாகிறது. பாலக்காட்டு மலம்புழை அணை, மலபார் மாவட்டம் சென்னை மாகாணத்தில் இருந்தபோது 1949இல் தொடங்கப்பெற்று 1955இல் முதலமைச்சர் காமராசரால் திறந்துவைக்கப்பட்டது. அதில் கற்கட்டுப் பகுதியும் மண்கரைப் பகுதியும் இணைகின்றன. மண் காலப்போக்கில் தாழும் இயல்புடையது. கற்கட்டு அவ்வாறு தாழாது. இத்தகைய இணைப்புகளில் சுமை மண்ணிலிருந்து கல்லுக்கு நகர முற்படுவதால், வெடிப்பும் கசிவும் தோன்றாமல் காப்பது கட்டுவோரின் முதன்மைக் கவலையாகிறது.

கசிவும் நங்கூரமும்

பெரியாறு அணை பாறைமேல் நிற்பதால் அதற்கு மென்னிலச் சிக்கல் இல்லை. அதன் சிக்கல் உடலுக்குள் இருந்தது. கசியும் நீர் காரையிலுள்ள வினைபுரியாத சுண்ணாம்பைக் கரைத்து வெளிக்கொணர்ந்தது. எடையால் நிற்கும் அணையில் சுண்ணாம்பின் இழப்பு எடையின் இழப்பாகும். 1930களிலும் 1960ஆம் ஆண்டிலும் அணையில் துளையிட்டுச் சிமெண்டுக் கரைசல் செலுத்தப்பட்டது. 1933இல் நீர்முகத்தில் சிமெண்டுப் பூச்சு இடப்பட்டது.

1979 ஆகசுடு 11ஆம் நாள் குசராத்தின் மோர்வி அருகே மச்சு அணை உடைந்து ஆயிரக்கணக்கானோர் உயிரிழந்தனர். பெரியாற்றின் கீழ்ப்பகுதியில் வண்டிப்பெரியாறு முதலிய ஊர்களில் வாழ்ந்த மக்களிடையே அச்சம் பரவியது. அவர்களுள் தேயிலை, ஏலத் தோட்டங்களில் உழைக்கும் தமிழர்களும் பலர். அதே ஆண்டு நவம்பரில் மத்திய நீர்வள ஆணையத் தலைவர் அணையைப் பார்வையிட்டார். நீர்மட்டம் 136 அடிக்குக் குறைக்கப்பட்டது. மூன்று கட்ட வலுவூட்டல் வகுக்கப்பட்டது. அணையின் முடியில் கம்பிக் கற்காரைத் தொப்பி அமைத்தல், கம்பிவடங்களால் அணையைப் பாறையுடன் பிணைத்தல், வெளிமுகத்தில் கற்காரையால் பின்சுவர் எழுப்புதல் என்பன அவை. இப்பணிகள் 1990களின் முற்பகுதி வரை நீடித்தன.

இவற்றுள் இரண்டாவது பணி அடிமான வரலாற்றில் தனிச்சிறப்புடையது. அணையின் முடியிலிருந்து செங்குத்தாகத் துளையிடப்பட்டு, துளை அணையின் உடல் முழுவதையும் கடந்து அடிப்பாறையுள் 30 அடி இறக்கப்பட்டது. 7 மில்லிமீட்டர் தடிப்புள்ள 34 உருக்குக் கம்பிகள் கொண்ட வடம் உள்ளே செலுத்தப்பட்டு, கீழ்முனை பாறையில் பதிக்கப்பட்டது. மேல்முனை 120 டன் விசையுடன் இழுத்துப் பூட்டப்பட்டது. ஒன்பது அடிக்கு ஒன்றாக இத்தகைய 95 வடங்கள் அமைக்கப்பட்டன. இழுத்துக் கட்டப்பட்ட வடம் சுருங்க முயல்வதால் அணை கீழ்நோக்கி அழுத்தப்படுகிறது. 95 வடங்களின் கூட்டு விசை 11,400 டன். கல் ஒன்றையும் ஏற்றாமல் எடை ஏற்றப்பட்டது எனலாம். கரையின் கீழுள்ள நிலத்தூண் சுமையை அழுத்தமாகக் கீழே கடத்துகிறது. அணையினுள் உள்ள வடம் பாறையின் பிடிப்பை இழுவிசையாக மேலே கடத்துகிறது. சுண்ணாம்பால் இயலாத இழுவிசையை உருக்கு ஏற்றுக்கொண்டது.

பின்சுவர் இதனினும் பெரிய மாற்றம். பழைய சுண்ணாம்பு அணையும் புதிய சிமெண்டுக் கற்காரையும் ஒரே உடலாக இயங்கினால்தான் சுமை இரண்டிலும் பரவும். இதன்பொருட்டு இரண்டையும் பிணைக்கும் பற்கள் அமைக்கப்பட்டன. மேலுந்து விசையைக் குறைக்க வடிகால் சுரங்கப்பாதைகள் அமைக்கப்பட்டன. 1895இல் உலகம் கற்ற பாடம் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின் பெரியாற்றில் செயலாயிற்று.

கணக்கும் அதன் எல்லையும்

136, 142, 152 என்னும் எண்கள் செய்தித்தாள் படிப்போர் அனைவருக்கும் அறிமுகமானவை. இவற்றுக்கிடையே உள்ள வேறுபாட்டின் பொருள் அதே அளவில் அறியப்படவில்லை. நீரின் ஆழத்தை நீர்மட்ட அளவாகவே கொண்டு நோக்கினால், அணையின் ஒரு மீட்டர் நீளத்தின்மீது நீர் செலுத்தும் பக்கவிசை 136 அடியில் ஏறத்தாழ 860 டன். 142 அடியில் 940 டன். 152 அடியில் 1,070 டன். பக்கவிசை ஆழத்தின் இருமடிக்கும், கவிழ்க்கும் திறன் மும்மடிக்கும் ஏற்ப உயர்கின்றன. ஆகவே 136இலிருந்து 152க்கு நீர்மட்டம் 12 விழுக்காடு உயரும்போது பக்கவிசை 25 விழுக்காடும் கவிழ்க்கும் திறன் 40 விழுக்காடும் உயர்கின்றன. 142 அடிக்கு இவ்வுயர்வு முறையே 9, 14 விழுக்காடு. அச்சம் கொண்டோர் கூற்றுக்கும், வலுவூட்டியபின் அச்சம் வேண்டா என்போர் கூற்றுக்கும் அடிப்படை இவ்வெண்களே. வடங்கள் மீட்டர் ஒன்றுக்குச் சேர்த்த விசை ஏறத்தாழ 44 டன். மொத்த விசைகளோடு ஒப்பிட இது சிறிதாயினும், நீர்முகத்தை அடுத்துச் செயற்படும்போது கவிழ்ச்சியைத் தடுப்பதில் அதன் பங்கு அளவை விஞ்சுகிறது.

இக்கணக்கை இன்று கணிப்பொறி மாதிரிகள் விரிவாகச் செய்கின்றன. அணை ஆயிரக்கணக்கான சிறு கூறுகளாகப் பகுக்கப்பட்டு, ஒவ்வொரு கூறும் தன் அண்டைக் கூறுக்குச் சுமையை எவ்வாறு கடத்துகிறது என்பது கணிக்கப்படுகிறது. கேரள அரசின் பொருட்டு ஐ.ஐ.டி. ரூர்க்கி செய்த ஆய்வு, நிலநடுக்கத்தின்போது அணைக்கு ஊறு நேரலாம் என்றது. உச்சநீதிமன்றம் 2010இல் அமைத்த நீதியரசர் ஏ.எஸ். ஆனந்த் தலைமையிலான குழு, பல நிறுவனங்களின் சோதனைகளை ஆராய்ந்து, அணை எல்லா வகையிலும் பாதுகாப்பானது என 2012இல் அறிக்கை அளித்தது. 2006 பிப்ரவரி 27இலும் 2014 மே 7இலும் உச்சநீதிமன்றம் 142 அடி வரை நீர் தேக்க இசைவளித்தது. சிற்றணையை வலுப்படுத்திய பின் 152 அடி குறித்து முடிவு செய்யப்படும் நிலை உள்ளது.

ஒரே அணை குறித்து இருவேறு முடிவுகள் எழுவது எவ்வாறு? மாதிரியின் விடை, அதற்குள் இடப்படும் எண்களைப் பொறுத்தது. சுர்க்கிக் காரையின் எடை என்ன, கசிவால் இழந்தது எவ்வளவு, கரைசல் அதனை எவ்வளவு ஈடுசெய்தது, பழைய உடலும் புதிய பின்சுவரும் ஒன்றாக இயங்குகின்றனவா, எதிர்பார்க்கத்தக்க நிலநடுக்கம் எத்தகையது என்னும் வினாக்களுக்கு ஒவ்வொரு ஆய்வும் ஓர் எண்ணைக் கொள்கிறது. காரையின் எடையில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்துக் கொண்டால் அணையைத் தாங்கும் முதன்மை விசையிலும் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். துளையிட்டு எடுத்த கருவுருளைகள் சில இடங்களைக் காட்டும். முழு உடலையும் காட்டமாட்டா. எஞ்சிய இடங்களுக்கு, எந்த ஆண்டில் எந்த அடுக்கு எவ்வாறு இடப்பட்டது என்னும் வரலாற்றுப் பதிவே வழிகாட்டியாகும். வரலாறு பொறியியலுக்குத் துணையாகும் இடம் இதுவே.

இதே மாவட்டத்தில் குறவன், குறத்தி மலைகளுக்கிடையே 1976இல் பயன்பாட்டுக்கு வந்த இடுக்கி வளைவணை சுமையை வேறுவகையில் கடத்துகிறது. அது நீரின் தள்ளுவிசையைத் தன் வளைவால் இருபுறப் பாறைகளுக்கும் பகிர்ந்தளிக்கிறது. அவ்விடத்தைக் காட்டியவர் ஊராளிப் பழங்குடியைச் சேர்ந்த கொலும்பன் என்பது பதிவாகியுள்ளது. பெரியாறு எடையால் நிற்கிறது. இடுக்கி வடிவால் நிற்கிறது. ஒரே ஆற்றில் எண்பது ஆண்டு இடைவெளியில் எழுந்த இவ்விரு அணைகளும் இருவேறு கணக்குமுறைகளின் சான்றுகளாக விளங்குகின்றன.

அடிமானச் சொற்கள்

இவ்வரலாற்றை எழுதுவதற்குரிய சொற்கள் தமிழில் இல்லாமலில்லை. அடிமானம், கடைக்கால் என்பன கட்டடத்தின் அடித்தளத்தைக் குறிப்பன. அடித்தளத்துக்குப் பள்ளம் தோண்டுதலைக் கொத்தர்கள் வானம் பறித்தல் என்பர். காரை, சாந்து, சல்லி, உறை, மதகு, கலிங்கு ஆகியவை வழக்கில் நிலைத்தவை. கிணற்றுக்கு இறக்கும் உறையையே ஆற்றுப்பால அடிமானத்துக்கும் இறக்கினர். கப்பலுக்குரிய நங்கூரம் என்னும் சொல் அணையின் கம்பிவடத்துக்கும் பொருந்துகிறது. எனினும் அணை குறித்த அரசு அறிக்கைகளும் நிபுணர் ஆய்வுகளும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உள்ளன. நீரைப் பெறும் உழவரும், அணையின் கீழ் வாழும் தோட்டத் தொழிலாளரும் தம் வாழ்வைத் தீர்மானிக்கும் கணக்கைத் தம் மொழியில் படிக்க இயலாத நிலை உள்ளது. அக்கணக்கு விளங்காதபோது அதன் இடத்தை வதந்தி நிரப்புகிறது. அச்சமும் அச்சமின்மையும் ஒருங்கே ஆதாரமற்றுப் போகின்றன.

முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

சுமை எங்கே செல்கிறது என்னும் வினாவுக்குக் கல்லணை, கல்லைத் தானே இறங்கவிட்டு விடை கண்டது. ஏரிக்கரை, ஆண்டுதோறும் இட்ட மண்ணால் விடை கண்டது. பெரியாறு அணை 1895இல் எடையாலும், பின்னர் உருக்கு வடத்தாலும் பின்சுவராலும் விடை கண்டது. இன்றைய நிலத்தூண் முறை இவ்வரிசையின் தொடர்ச்சியே ஆகும்.

ஒவ்வொரு விடையும் அதன் காலத்து அறிவின் எல்லைக்கு உட்பட்டது. பெரியாறு அணை திறக்கப்பட்ட ஆண்டிலேயே அதன் கணக்கில் இடம்பெறாத விசை உலகின் கவனத்துக்கு வந்தமை இதனை உணர்த்துகிறது. ஆகவே எந்த மாதிரியையும் இறுதியெனக் கொள்ளாது, புதிய அளவீடுகளால் மீளச் சரிபார்ப்பதே முறையாகும்.

பெரியாற்று நீரால் வாழும் தேனி, மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்ட மக்களின் தேவையும், அணையின் கீழ் வாழும் இடுக்கி மக்களின் பாதுகாப்பும் ஒரே அடிமானத்தின்மேல் நிற்கின்றன. அவ்வடிமானம் பற்றிய ஆவணங்களைத் தொகுத்து, தமிழிலும் மலையாளத்திலும் பொதுமக்கள் படிக்கத்தக்க வகையில் வெளியிடுவது இரு மொழித் துறைகளும் இணைந்து மேற்கொள்ளத்தக்க பணியாகும். அடிமானம் இட்டு மாண்டவர்களின் பெயர்களைத் தேடித் தொகுப்பதும் அப்பணியின் ஒரு பகுதியாக அமைதல் வேண்டும்.